பரோலில் வந்த தாய்மாமன்

நேரு வீதியில் ஜெயில் சுவர் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே அமுதவல்லி சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். சுவர் முடிந்த பிறகு மறுபடியும் கடந்து இந்தப் பக்கம் வருவாள். மார்க்கெட்டுக்கு நேர்வழி இந்தப் பக்கம்தான். ஆனாலும் தான் வேலை செய்யும் மதாம் வீட்டுக் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, லாரிக்கும் சைக்கிளுக்கும் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய், துணிக்கடைப் பந்தல்களுக்குக் கீழே தலையைக் குனிந்தபடி நடப்பாள். நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சுவரும் தன்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, உன் தம்பி உள்ளதான் இருக்கான்" என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

மற்ற ஊர்களில் ஜெயில் எங்கோ ஒதுக்குப்புறமாக இருக்கும். புதுச்சேரியில் அப்போது அது கடைத்தெருவிலேயே இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் கைதிகளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும். அந்தப் பக்கம் கல்யாணப் புடவையை விரித்துப் போட்டுப் பேரம் பேசுவார்கள்.

சுனாமி வருவதற்கு முந்தைய ஆண்டு அது. அமுதவல்லிக்கு நாற்பது தாண்டியிருந்தது. முத்தியால்பேட்டையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒரு மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள். அம்மா படுக்கையில் விழுந்ததால் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்றாலும் அதே ஆட்டல்தான், இல்லை என்று சொல்ல வாய் வராதபோதும் அதே ஆட்டல்தான். "இவளோட சண்டை போட்டா சுவத்தோட சண்டை போட்ட மாதிரி" என்று அவள் புருஷன் புருஷோத்தமன் சிரிப்பார். பேசாதவளே தவிர, பார்க்காதவள் இல்லை. யார் முகம் எப்போது கோணுகிறது, யார் எதை மனதில் வைத்துக்கொண்டு வேறு எதையோ பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

புருஷோத்தமன் காய்ச்சலில் போனபோது மகள் சரிதா இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அதன்பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் தம்பி அரிகிருஷ்ணன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலை அவனுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு கேட்டா எங்கக்கா தலையாட்டணும், அதுக்குள்ள பொண்ணுக்கு வயசாயிடும்" என்று கேலி பேசுவான். விடியலில் வேலை முடித்து, சட்டையெல்லாம் மீன் வாடையோடு வந்து, சரிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போய் இறக்கிவிடுவான். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். சரிதா மட்டும் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கையாலேயே ஒருநாள் மீன் ஏலத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டான். ஒரு கூடை வஞ்சிரத்துக்காக வந்த வாய்ச்சண்டை. தள்ளப்பட்டவன் பின்னால் கிடந்த நங்கூரத்தில் தலை மோதி விழுந்தான். கோரிமேட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அரிகிருஷ்ணன் எங்கேயும் ஓடவில்லை. விழுந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸை எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தானாம். பத்து ஆண்டு தண்டனை. அமுதவல்லி மகளோடு, கதை தெரியாத வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போனாள்.

முதல் வருஷம் அமுதவல்லி மாதாமாதம் பார்க்கப் போனாள். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். பிறகு தீபாவளிக்கு மட்டும். ஜெயில் வாசலில் வரிசையில் நிற்கும்போது கடைக்கு வந்த தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடி நிற்பாள். உள்ளே போனால் அவன்தான் பேசுவான், அவள் தலையாட்டுவாள்.

*

சரிதாவுக்கு இடம் வந்தது. மாப்பிள்ளை வெற்றிவேலுக்குச் சேதராப்பட்டில் தொழிற்பேட்டைக் கம்பெனி வேலை. வீட்டில் கரும்பு நிலமும் உண்டு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா ராஜாம்பாள் கணீரென்று பேசுகிறவள். பெண்ணைப் பிடித்துவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தகப்பன் இல்லாத பொண்ணு. சரி, அது நம்ம கையிலயா இருக்கு? பட்டம் கட்டத் தாய்மாமன் இருக்காரா?"

முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் தங்க ரேக்கு ஒட்டிய பட்டத்தைக் கட்டிவிட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. தாய்மாமன் கட்டாமல் பெண் மணையில் உட்காரக் கூடாது.

அமுதவல்லி தலையாட்டினாள். இருக்கிறான்தானே.

"எங்க இருக்காரு?"

இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. அமுதவல்லி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சரிதா கதவோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இடம் கொண்டுவந்த தரகுக்காரி குஞ்சம்மாள், வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, உதவி செய்வதாக நினைத்துக் கேட்டாள்: "பிரான்சுலயா?"

இதை வேறு எந்த ஊரிலும் கேட்டிருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் ஒரு வீட்டில் ஓர் ஆண் ரொம்ப நாளாகக் கண்ணில் படவில்லை என்றால் அவன் பிரான்சில் இருப்பான். அமுதவல்லி வேலை செய்வதும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் வீட்டில். குஞ்சம்மாள் கணக்கு அவ்வளவுதான்.

அமுதவல்லியின் தலை ஆடியது.

ஆடியது ஒரே ஒரு முறை. ராஜாம்பாள் முகம் விளக்கேற்றினதுபோல மலர்ந்ததை அவள் பார்த்தாள். திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியும் போய்விட்டது.

"பாத்தியா, வாயைத் தொறந்து சொல்லிக்கிறாங்களா! வேற யாராவதா இருந்தா தம்பி பிரான்சுல இருக்காருன்னு தெருவுக்கே தண்டோரா போட்டிருப்பாங்க" என்றாள் ராஜாம்பாள். "எங்க சின்னவனுக்கும் வேலை ஒண்ணும் சரியா அமையல. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க சம்பந்தி."

அவர்கள் போனதும் சரிதா கேட்டாள்: "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்?"

"தலையாட்டினியே."

அமுதவல்லி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று மகளுக்கும் தனக்கும் சேர்த்தே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அடுத்த முறை ராஜாம்பாள் வந்தபோது, சின்னவனுக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். பிரான்சில் எந்த ஊர் என்று கேட்டாள். மதாம் வீட்டுக் காலண்டரில் பார்த்த பேர் வாயில் வந்தது. "துலூஸ்" என்றாள் அமுதவல்லி. அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் பொய் அது.

*

கல்யாணத்துக்குத் தம்பியை வெளியே எடுக்க முடியுமா என்று வக்கீல் குமாஸ்தா சாமிக்கண்ணுவிடம் போய்க் கேட்டாள்.

"எடுக்கலாம்மா. பரோல்னு ஒண்ணு இருக்கு. ஜெயில்ல அவன்மேல ஒரு புகாரும் இல்ல, நல்லாத் தச்சு வேலை கத்துக்கிட்டிருக்கான், கொடுப்பாங்க. ஆனா நீதான் பொறுப்பு. தினம் காலைல ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும். கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திரும்ப உள்ள இருக்கணும். வரலைன்னா உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க."

"பரோல்னா என்னாங்கண்ணா?"

"அதான் சொன்னேனே, கொஞ்ச நாளு வெளிய விடறது."

"இல்ல, அந்த வார்த்தைக்கு…"

அவள் இவ்வளவு பேசியதே சாமிக்கண்ணுவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கோர்ட்டுல எல்லாரும் சொல்றோம். அர்த்தம் யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ் சட்டத்துல இருக்கு, ஆனா பிரெஞ்சு வார்த்தைன்னு எங்க வக்கீல் ஒருநாள் சொன்னாரு. நீதான் மதாம் வீட்டுல இருக்கியே, அவங்களைக் கேளு."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே அந்த வார்த்தையை இங்கிலீஷில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டிப் பார்த்தாள். கடைசியில் நின்ற எழுத்து வாயில் வரவில்லை. என்ன அர்த்தம் என்று தெரியாமலே அதன் கீழே தன் பேரை எழுதிக்கொடுத்தாள். அது மனதில் முள்போலக் குத்திக்கொண்டிருந்தது.

மதாம் பொலின் வீடு மிஷன் வீதிக்குப் பின்னால், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில். அவர் புருஷன் லுயீஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அந்த ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்து, சைகோன் வரை போய் வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு இறந்தவர். மகன் ஜெரார் பாரிசில். மதாம் பிரெஞ்சில் ஜெபம் செய்வார்; கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். அமுதவல்லி அந்த வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகியும், தம்பியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "மதாம், பரோல்னு பிரெஞ்சுல ஒரு வார்த்தை இருக்குதா?"

"இருக்கு. யார் சொன்னா?"

"டிவியில சொன்னாங்க. ஜெயில்ல இருக்கறவங்களை விடறாங்களாம். ஆறு மணிக்குள்ள திரும்பிடணுமாம்."

"அது இங்கிலீஷ்காரன் பரோல்." மதாம் சிரித்தார். "பிரான்சுல ஜெயில்லேருந்து விடறதுக்கு நீளமா வேற ஒரு பேர் இருக்கு. எங்களுக்குப் பரோல்னா வெறும் பேச்சு. ஒருத்தர் வாயிலேருந்து வர்ற வார்த்தை. வாக்குன்னு சொல்றீங்களே, அது."

"அப்புறம் எப்படி ஜெயிலுக்கு வந்திச்சி?"

"அதை எங்க வீட்டு முசே சொல்லுவாரு. அந்தக் காலத்துச் சண்டையில எதிரி கையில மாட்டினவன், 'என்னை விடு, இனிமே உனக்கு எதிரா ஆயுதம் எடுக்க மாட்டேன்'னு மானத்து மேல வாக்குக் கொடுப்பானாம். பரோல் தொன்னேர்னு பேரு. விலங்கு கெடையாது, காவல் கெடையாது, அந்த வாக்கை மட்டும் நம்பி விட்டுடுவாங்களாம். இங்கிலீஷ்காரன் வார்த்தையை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டான். எழுத்துகூட மாத்தல. கடைசியில வாயில வராத ஒரு எழுத்து நிக்கும், அதையும் சேத்துத்தான்."

அமுதவல்லிக்கு அந்த எழுத்து நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. கோயில்ல பாதர் ஏசு சொன்ன உவமைக் கதை எல்லாம் படிப்பாரு இல்ல? உவமைக்கு லத்தீன்ல இருக்கற பேர்லேருந்துதான் இது பொறந்துச்சாம். கதைக்குன்னு இருந்த பேரு தேஞ்சு தேஞ்சு, பேச்சுக்கு ஆயி, வாக்குக்கு ஆயி, இப்ப ஜெயிலுக்கு வந்து நிக்குது." மதாம் பேச்சை நிறுத்தி அவள் கையைப் பார்த்தார். "கீரைய விட்டுட்டுத் தண்டை ஆயறியே. என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல மதாம்."

ஒன்றுமில்லை என்பதும் பொய்தான். வாய் வார்த்தையை நம்பி ஒருவனை வெளியே விடுகிறார்கள். அந்த வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் வாயிலிருந்து சம்பந்தியிடம் வந்ததெல்லாம் துலூஸ் ஒன்றுதான்.

*

அரிகிருஷ்ணன் வெளியே வந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. சரிதாவைப் பார்த்ததும் "ஏய், இப்ப ஒன்னைத் தோள்ல தூக்கினா நான்தான் ஒடைஞ்சுடுவேன்" என்றான். அவள் அழுதுகொண்டே அவன் கையில் அடித்தாள்.

சாப்பாடு போட்டபிறகு அமுதவல்லி சொன்னாள். தரையைப் பார்த்தபடியே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான்.

"பிரான்சா! எந்த ஊருக்கா?"

"துலூஸ்."

"நல்ல ஊரா?"

"காலண்டர்ல ஆறு ஓடுது."

மறுபடி சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. தட்டில் மிச்சமிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "உள்ள இருக்கான்னு சொன்னா அவங்க வேணாம்னுடுவாங்களா?" என்றான்.

அவளுக்கு அது தெரியாது. அவள் சொல்லிப் பார்க்கவே இல்லையே. தலையாட்டினாள்.

"சரிக்கா. நம்ம பொண்ணுக்குத்தானே. பிரான்சுலயே இருந்துடறேன்."

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போனபோது, தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவனே யோசித்து வைத்துக்கொண்டு போனான். வெளிநாட்டிலிருந்து வந்தால் பதிய வேண்டுமாம். அமுதவல்லி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடாதவன், பொய் பேசாதவன். அவனுக்குப் பொய்யைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவள் தான் என்று நினைக்கும்போது உடம்பு கூசியது.

*

கல்யாணம் சேதராப்பட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அரிகிருஷ்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், தச்சு வேலையில் காய்த்துப்போன கையால், சரிதாவின் நெற்றியில் பட்டம் கட்டினான். நூல் முடிச்சு ஒருமுறை நழுவியது. "இறுக்கிக் கட்டு மாமா, அவுந்துடப்போவுது" என்று சரிதா மெதுவாகச் சொன்னது பக்கத்தில் நின்ற அமுதவல்லிக்கு மட்டும் கேட்டது.

தாலி கட்டியாயிற்று. பந்தியும் நடந்தது. பிரான்ஸ் மாமாவைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அங்க என்ன சம்பந்தி வேலை?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா தெய்வசிகாமணி.

"தச்சு வேலைங்க. நாற்காலி, மேசை. கவர்மெண்டு ஆபீசுக்கெல்லாம் நாங்க பண்றதுதான் போவுது."

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"நேரத்துக்கு மணி அடிச்சுடுவாங்க. வாரத்துல ஒரு நாளு கறி."

"ஒழுங்கான ஊருய்யா! எந்நேரத்துக்கு எந்திரிக்கணும்?"

"விடியறதுக்கு முன்ன எழுப்பி, எல்லாரும் இருக்கமான்னு எண்ணிப் பாப்பாங்க."

"எண்ணிப் பாப்பாங்களா! பாத்தியாடா, தொழிலாளி மேல எவ்ளோ அக்கறை" என்று தெய்வசிகாமணி சின்ன மகனைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்று அமுதவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பொய்யே சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போட்ட அந்த ஒரு பொய்க்குள் உட்கார்ந்துகொண்டு, முடிந்தவரை உண்மையாகவே பேசிப் பார்த்தான்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மதாம் பொலின் இறங்கினார். கூடவே, விடுமுறைக்கு வந்திருந்த ஜெரார். அவர்கள் வருவார்கள் என்று அமுதவல்லி நினைக்கவில்லை. பத்திரிகை வைத்திருந்தாள், மரியாதைக்கு வைத்தது.

ராஜாம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெராரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய் அரிகிருஷ்ணன் முன்னால் நிறுத்தினாள். "நீங்களும் பிரான்சு, இவரும் பிரான்சு! ரெண்டு பேரும் அந்தப் பாசையில பேசுங்க, நாங்க கொஞ்சம் கேக்கறோம்."

ஜெரார் நல்ல பையன். சந்தோஷமாகக் கையை நீட்டி, பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டான்.

பந்தலில் எல்லோரும் அரிகிருஷ்ணன் வாயையே பார்த்தார்கள். அவன் நீட்டின கையைப் பிடித்தபடி எழுந்து நின்றான். கண்ணால் அக்காவைத் தேடினான். தூணுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டான். என்ன சொல்லட்டும் என்று கேட்டது அந்தப் பார்வை.

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குப் பிரெஞ்சு வராது தம்பி" என்றான் அரிகிருஷ்ணன். குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. "நான் பிரான்சுல இல்ல. நேரு வீதி ஜெயில்ல இருக்கேன். ஏலத்துல ஒருத்தனைத் தள்ளினேன், செத்துட்டான். பரோல்ல வந்திருக்கேன், ஆறு மணிக்குத் திரும்பணும். அக்கா மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. பிரான்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

இல்லை, நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அமுதவல்லிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் பழியைச் சுமந்து நின்ற தம்பியைத் தூண் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ராஜாம்பாள் மட்டும் அரிகிருஷ்ணனைப் பார்க்கவில்லை. நேராகத் தூணைப் பார்த்தாள்.

"அவரு சொல்லச் சொன்னாரா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் கேட்ட அடுத்த நிமிசமே தலையாட்டினியே சம்பந்தி, ஜெயில்லேருந்து அவரு வந்து காதுல ஓதிட்டுப் போனாரா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வாயைத் தொறந்து உள்ளதைச் சொல்லியிருந்தா பொண்ணு வேணாம்னா சொல்லியிருப்பேன்?" பதிலுக்குக் காத்திருந்து, தானே சொல்லிக்கொண்டாள். "சொல்லியிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கணுமா இல்லியா?"

அமுதவல்லி புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

யாரோ ஒரு கிழவி, "கொலைகாரன் கட்டின பட்டம், மொதல்ல அதை அவுத்து எறிங்கடி" என்றாள். சரிதா இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். "எங்க மாமா கட்டினது. நான் அவுக்க மாட்டேன்." வெற்றிவேல் அம்மாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். கடைசியில் அரிகிருஷ்ணன் பக்கம் திரும்பி, "மாமா, டவுனுக்குப் பஸ்சு நாலரைக்கு. அதை விட்டா நேரம் ஆயிடும்" என்று மட்டும் சொன்னான்.

பஸ்சுக்கு அவசியம் இருக்கவில்லை. மதாம் மகனிடம், "காரை எடு" என்றார்.

*

ஜெரார் காரை ஓட்டினான். கோரிமேடு தாண்டியபிறகு மதாம் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "டிவியில வந்தது இவர்தானா?"

"ஆமாம் மதாம்."

"இத்தனை வருஷமா ஒரே அடுப்படியில இருக்கோம்" என்றார் மதாம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அமுதவல்லிக்கு.

ஞாயிற்றுக்கிழமைக் கடைக் கூட்டத்தில் நேரு வீதிக்குள் கார் நுழைய முடியவில்லை. முனையிலேயே இறங்கிக்கொண்டார்கள். நேரம் நிறைய இருந்தது. நடைபாதையில் விரித்திருந்த துணிகளையும் பிளாஸ்டிக் சாமான்களையும் ஒதுங்கித் தாண்டி அக்காவும் தம்பியும் நடந்தார்கள். சுவர் தொடங்கும் இடம் வந்தது. பழக்கதோஷம், அமுதவல்லியின் கால் சாலையில் இறங்கிவிட்டது. வெட்கத்தோடு அதை மறுபடி மேலே எடுத்து வைத்தாள்.

அரிகிருஷ்ணன் பார்த்துவிட்டான். சிரித்தான்.

"போக்கா, அந்தப் பக்கமே போ. இப்படிச் சுவரு ஓரமா வந்தா எனக்குத் தெரியாதே."

அவளுக்கு விளங்கவில்லை.

"எங்க மாடி ஜன்னல்லேருந்து அந்தப் பக்கத்து நடைபாதைதான் ஒரு கீத்து மாதிரி தெரியும். தினம் காலைல கூடையோட போவியே, பந்தலுக்கும் பந்தலுக்கும் நடுவுல ஒன் தலை தெரியும். எங்கக்கா போவுதுன்னு பசங்ககிட்டக் காட்டுவேன். நீ மனு போட்டு வந்து பாக்காட்டி என்ன, தினமும் பாத்துட்டுத்தானே இருக்கேன்." அவன் நின்றான். "நேர்வழி இது. எனக்குத் தெரியணும்னுதானே அக்கா நீ அவ்ளோ வண்டிக்கு நடுவுல தாண்டி அந்தப் பக்கம் போவ?"

கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஜெயில் கதவு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். அவன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். மிச்ச வருஷத்தை அதை வைத்தே ஓட்டிவிடுவான். அவள் தலை ஆடத் தொடங்கியதுகூட.

பிடித்து நிறுத்தினாள்.

"இல்லடா" என்றாள். குரல் தனக்கே புதிதாக இருந்தது. "வெக்கம். ஜெயில் பக்கமா போறதை யாராவது பாத்தா, ஒன்னைப் பத்திக் கேட்டுடுவாங்கன்னு. அதுக்குத்தான் அந்தப் பக்கம் போனேன். ஒரு நாளும் நிமிந்து பாத்தது கெடையாது. நீ பாப்பேன்னு எனக்குத் தெரியாது."

அரிகிருஷ்ணன் திரும்பி எதிர்ப்பக்கத்துப் பந்தல்களைப் பார்த்தான். பலூன் விற்கிறவன் ஒருவன் இருவரையும் இடித்துக்கொண்டு போனான்.

"பந்தல்லயும் இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

"ஆமாம்."

"மறுவீட்டுக்குப் போவியே, அப்ப அந்தம்மாகிட்டச் சொல்லிடு. நான் சொல்லச் சொன்னேன்னு நான் சொன்னதும் பொய்தான். எம்பேர்ல அதொண்ணு இருக்க வேணாம்."

"சொல்றேன்."

அவன் கையை நீட்டினான். "வாக்கா?"

அவள் அவன் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். உளி பிடித்துக் காய்த்த கை. கையை எடுத்துக்கொண்டு அவன் நடந்தான். கதவில் இருந்த சிறிய திட்டிவாசல் திறந்தது. குனிந்து உள்ளே போனான். ஆறு மணி ஆவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவனைத் தவிர வேறு யாரும் அன்று அவ்வளவு முன்னதாக வந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போகும்போது அமுதவல்லி சுவர் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். இரண்டு பந்தல்களுக்கு நடுவே வெயில் விழும் இடத்தில் நின்று, கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தினாள். வரிசையாக ஜன்னல்கள். எது அவனுடையது என்று கேட்டுக்கொள்ள மறந்துபோயிருந்தாள். எல்லா ஜன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகமெல்லாம் எரிந்தது. துணிக்கடைக்காரர், "என்னம்மா, யாரைப் பாக்கற?" என்று கேட்டார்.

"எந்தம்பி உள்ள இருக்கான்" என்றாள்.